ஃபைல் டயலாக் மூடிய பிறகுதான் கோளாறு தொடங்குகிறதா?

ஒரு கடைக்கு வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் புரோகிராம்களுக்குத் திரை அமைக்கும் வசதி) பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் நன்றாக ஓடும், மதியம் திடீரென்று "செட்டிங்ஸ் ஃபைல் இல்லை" என்று அடம்பிடிக்கும், மூடித் திறந்தால் சரியாகிவிடும். என் கம்ப்யூட்டரில் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகுதான் பிடிபட்டது: கடைக்காரர் பென் டிரைவிலிருந்து விலைப்பட்டியலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கோளாறு வருகிறது. நானோ சோதிக்கிற ஃபைல்களைப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருந்தேன், அப்புறம் எங்கே தெரியும்?

விஷயம் இதுதான். ஓப்பன்ஃபைல்டயலாக்கில், அதாவது ஃபைல் தேர்ந்தெடுக்கும் ஜன்னலில், ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால், புரோகிராமின் 'கரன்ட் டைரக்டரி' (வெறும் பெயர் கொடுத்த ஃபைலைப் புரோகிராம் தேடும் ஃபோல்டர்) அந்த ஃபைல் இருக்கும் இடத்துக்கு மாறிவிடலாம். செட்டிங்ஸை வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்துத் திறந்தால், அதைப் பென் டிரைவில் போய்த் தேடும். பென் டிரைவைக் கழற்றப் பார்த்தால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று விண்டோஸ் மறுப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க, டயலாக்குக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்விரான்மென்ட்.கரன்ட்டைரக்டரியை அச்சிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் டயலாக்கின் ரிஸ்டோர்டைரக்டரியை ட்ரூ ஆக்குங்கள், இயல்பாக அது ஃபால்ஸ். ஆனால் இது பாதி வைத்தியம்தான். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைத் தரும் ஆப்கான்டெக்ஸ்ட்.பேஸ்டைரக்டரியோடு ஃபைல் பெயரை பாத்.கம்பைனில் சேர்த்து முழுப் பாதையாகக் கொடுங்கள், அதற்கப்புறம் கரன்ட் டைரக்டரி எங்கே போனாலும் கவலையில்லை.

டயலாக் திறக்கவே மாட்டேன் என்று எஸ்டிஏ (இந்த டயலாக்குக்குத் தேவையான த்ரெட் வகை) பற்றிய எரர் வந்தால், அநேகமாக வேலையைப் பின்னணியில் ஓட்டும் டாஸ்க்.ரன்னுக்குள்ளிருந்து ஷோடயலாக்கைக் கூப்பிடுகிறீர்கள். அங்கே கிடைப்பது எம்டிஏ என்ற வேறு வகை த்ரெட். ஃபைலை முதலில் திரையைக் கவனிக்கும் யுஐ த்ரெட்டிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்லி, கிடைத்த பாதையை மட்டும் டாஸ்க்குக்குள் அனுப்புங்கள். புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனின் தலையில் எஸ்டிஏத்ரெட் என்ற அட்ரிபியூட் இருந்தும் இதே எரர் என்றால், மெயினை அசிங்க் ஆக்கி வைத்திருக்கிறீர்களா பாருங்கள், அப்படிச் செய்தால் அந்த அட்ரிபியூட் பலிக்காது.

டயலாக் எந்த ஃபோல்டரில் திறக்க வேண்டும் என்று இனிஷியல்டைரக்டரி கொடுத்தும் வேறு ஃபோல்டர் திறக்கிறதா? பாதையில் முன்சாய்வுக் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாத்.கெட்ஃபுல்பாத் வழியாக அனுப்பினால் அது பின்சாய்வாக மாறிவிடும். அதுவும் சரியாக இருந்தால், விண்டோஸ் 7 முதல் இன்னொரு பழக்கம் உண்டு: முதல் தடவை கொடுத்த அதே பாதையையே மறுபடி கொடுத்தால், பயனர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடத்தைக் காட்டும். அது பிழை இல்லை, பயனருக்கு வசதிதான், விட்டுவிடுங்கள்.

டயலாக்கில் எந்த ஃபைல் வகை முதலில் தேர்வாகியிருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர்இண்டெக்ஸ் 0 இல்லை, 1-இலிருந்து எண்ணும்.

கடைசியாக ஒன்று, இதற்கு நீங்கள் எழுதிய புரோகிராம் காரணமே இல்லை. நெட்வொர்க் டிரைவ் எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது, டயலாக்கில் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், புரோகிராமை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தாரா என்று கேளுங்கள். சாதாரணமாக லாகின் செய்து இணைத்த டிரைவ் எழுத்துகள் அட்மினாக ஓடும் புரோகிராமுக்குப் பொதுவாகத் தெரியாது. அட்மின் உரிமை தேவையில்லை என்றால் சாதாரணமாகத் திறக்கச் சொல்லுங்கள், தேவை என்றால் இரட்டைப் பின்சாய்வில் தொடங்கும் சர்வர் பாதையை டயலாக்கிலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.