12031968: ஒரு பெரிய எண்ணைப் பகுத்து வகைப்படுத்தும் முறை

மொரீசியஸ் விடுதலை பெற்ற 1968 மார்ச் 12ஐ நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இடைவெளியின்றி எழுதினால் 12031968, அதாவது ஒரு கோடியே இருபது இலட்சத்து முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு என்ற எண் கிடைக்கிறது. நம் மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் காணும் தமிழ் இலக்கங்களில் அது ௧௨௦௩௧௯௬௮ ஆகும். அந்த நாளுக்கும் இந்த எண்ணின் கணிதப் பண்புகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனினும், மாணவர்களுக்குப் பகாக் காரணிகளைக் கற்பிக்க நல்ல எண் இது.

நீண்ட வகுத்தலில் இறங்குமுன் இலக்கங்களைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கங்களான 968 எட்டால் வகுபடுவதால் முழு எண்ணும் எட்டால் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 30 என்பதால் எண் மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஒற்றை எண் வரும்வரை இரண்டால் வகுத்தால் ஐந்தாம் முறையில் 375999 கிடைக்கும். அதை மூன்றால் வகுத்தால் 125333.

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. 5, 7, 11 ஆகியவை 125333ஐ மீதியின்றி வகுப்பதில்லை. 13 வகுத்து 9641ஐத் தருகிறது. ஒரு பகா எண் மீண்டும் காரணியாக வரக்கூடும் என்பதால் 9641ஐயும் 13ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி 8 வருகிறது. பிறகு 17, 19, 23, 29 ஆகியவற்றைக் கடந்து 31க்கு வந்தால் ஈவு 311. இதைத் தனியாகச் சோதிக்கத் தேவையில்லை, ஏனெனில் 31ஐவிடச் சிறிய பகா எண் எதுவும் 9641ஐ வகுக்கவில்லை, 311ஓ 31இன் வர்க்கமான 961ஐவிடச் சிறியது. ஆகவே அது பகா எண்ணாகவே இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் வீணாக வகுத்துக்கொண்டிருப்பார்கள்.

12031968 = 2⁵ × 3 × 13 × 31 × 311

13ஐத் திருப்பினால் 31. 311இன் இலக்கங்களை மாற்றியமைத்தால் வரும் 113, 131 இரண்டும் பகா எண்களே. பதின்ம முறையில் எழுதுவதால் மட்டும் தோன்றும் அழகுதான் இது என்றாலும் இரசிக்கத்தக்கது.

அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 6 × 2 × 2 × 2 × 2 = 96 காரணிகள் இருப்பது தெரியும். அவற்றின் கூட்டுத்தொகை 63 × 4 × 14 × 32 × 312 = 35223552. இதிலிருந்து எண்ணையே கழித்தால் எஞ்சும் 23191584 மூல எண்ணைவிடப் பெரியது என்பதால் இது மிகையெண். வகையை மட்டும் அறிய இவ்வளவு கணக்கும் வேண்டாம்: 6ஐவிடப் பெரிய, 6இன் மடங்கான எந்த எண்ணும் மிகையெண்தான். அடுக்குகள் எல்லாம் ஒற்றைப்படை என்பதால் இது முழு வர்க்கமும் அன்று. மேலும், நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் 3, 31, 311 ஆகியவை ஒற்றைப்படை அடுக்கில் இருப்பதால் இதனை இரு முழு எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவும் முடியாது.

மொரீசியஸ் குடியரசான 1992 மார்ச் 12ஐயும் இவ்வாறே எழுதினால் 12031992 = 2³ × 3² × 7 × 23873. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண இந்தப் பகுப்புகூடத் தேவையில்லை. பொதுக் காரணி எதுவும் அவற்றின் வேறுபாடான 24ஐ வகுத்தாக வேண்டும். இரண்டுமே எட்டாலும் மூன்றாலும் வகுபடுவதால் விடை 24.