பொதுமேடை உளறலை நையாண்டி செய்வது எப்படி

உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் என்கிறது. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. அதாவது, யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பிறகு எதைக் காட்டினாலும் விடாதிருத்தல். அரசியல்வாதி ஒருவரோ அரசியல் விமர்சகர் ஒருவரோ அபத்தமாகப் பேசிவிட்டால், அதை நையாண்டி செய்ய உட்காருகிறவர் அந்தப் பேச்சு இவ்விரண்டில் எந்த வகை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அறியாமைக்கு ஒரு திருத்தமே போதும். நையாண்டிக்கு உரியது மடன்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வீணான சிரிப்புகள் ஏராளம். 1992 ஜூனில் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், டிரென்டன் நகரப் பள்ளி ஒன்றில், உருளைக்கிழங்குக்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாக எழுதிய மாணவனிடம் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். அவருக்குத் தரப்பட்ட அட்டையிலேயே அந்தச் சொல் பிழையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த ஓர் எழுத்துதான். அவர் எந்தக் கொள்கைக்காக நின்றார் என்பதைப் பற்றி அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை. நாக்குப் பிறழ்வதையும் எழுத்துப் பிழையையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, பேசியவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை முழுப் பதிவிலிருந்து, முன்னும் பின்னும் சேர்த்துக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். 1999 மார்ச்சில் சி.என்.என். தொலைக்காட்சிப் பேட்டியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், நாடாளுமன்றத்தில் பணியாற்றிய காலத்தில் இணையத்தை உருவாக்குவதில் தாம் முன்முயற்சி எடுத்ததாகச் சொன்னார். அது ‘இணையத்தை நான்தான் கண்டுபிடித்தேன்’ என்று மாறி ஊரெல்லாம் பரவியது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வடிவமைத்த வின்ட் செர்ஃப், பாப் கான் இருவருமே மறு ஆண்டில் அவருக்காகப் பரிந்து எழுதியும் அந்தப் பொய் வாக்கியம் சாகவில்லை. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலின் சொன்னதாகப் பலரும் நம்பும் ‘என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது’ என்ற வரியும், 2008இல் அவரைப் போல வேடமிட்டு நடித்த நகைச்சுவை நடிகை டினா ஃபே பேசியதுதான்.

சொல்லை மாற்றினால் தப்பிக்க நாமே வழி திறந்துவிடுகிறோம். 2020 ஏப்ரல் 23 அன்று வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில், கிருமிநாசினியை ஊசி மூலம் உடலுக்குள் செலுத்துவது போல ஏதாவது செய்ய முடியுமா என்று டொனால்ட் டிரம்ப் கேட்டார். மறுநாளே ஒரு கிருமிநாசினி நிறுவனம், எந்த வழியிலும் இதை உடலுக்குள் செலுத்தக் கூடாது என்று எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. உள்ளபடி எழுதினாலே போதுமான ஒன்றை, ‘பிளீச்சைக் குடிக்கச் சொன்னார்’ என்று பலர் எழுதினார்கள். குடிக்கச் சொல்லவில்லையே என்று அவருடைய ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் சரியானது என்பதால், அவர் உண்மையில் கேட்ட கேள்வியைப் பற்றிய விவாதம் அங்கேயே நின்றுபோனது.

சொற்கள் கைக்கு வந்தபின், பேச்சு எந்த அச்சாணியில் சுழல்கிறது என்று பாருங்கள். இதுதான் வேலையின் பெரும்பகுதி. 2018 ஜனவரியில் இந்திய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொல்லவோ எழுதவோ இல்லை, ஆகவே டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. இதற்கு எவருக்கும் முதலில் தோன்றும் கிண்டல், ‘இவரைப் பார்த்தால் குரங்கு இன்னும் மாறவில்லை என்று தெரிகிறது’ என்பது. அந்த வரியை அடித்துவிடுங்கள். அது முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. வாதத்தின் மீது ஒரு கீறல்கூட விழவில்லை. இங்கே அச்சாணி, ‘யாரும் பார்த்து எழுதவில்லை என்றால் அது நடக்கவில்லை’ என்பது. அதே அச்சாணியில் வேறொரு சக்கரத்தை மாட்டுங்கள்: ‘இமயமலை எழும்பியதையும் நம் முன்னோர் எவரும் பார்த்து எழுதி வைக்கவில்லை, ஆகவே இமயமலையையும் பாடநூலிலிருந்து நீக்க வேண்டும்.’ இந்த வரியில் அவரைப் பற்றி ஒரு வசைச்சொல்கூட இல்லை. அவருடைய தர்க்கமும் கோரிக்கையும் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் அவர் பக்கத்தில் இருப்பவரும் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

சிரிப்புக்குப் பக்கத்திலேயே உண்மையையும் வையுங்கள். 2015 பிப்ரவரியில் அமெரிக்க மேலவை (செனட்) உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப், புவி சூடாகவில்லை என்று காட்டப் பனிக்கட்டி உருண்டை ஒன்றை அவைக்குள் கொண்டுவந்தார். ‘என் கூரைக்குக் கீழே நான் நனையவில்லை, ஆகவே எங்கும் மழை இல்லை’ என்று எழுதலாம். உடனே அடுத்த வரியில், அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே 2014தான் மிக வெப்பமானது என்று நாசா அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்ததையும் எழுத வேண்டும்.

தற்பெருமை பேசுகிறவருக்கு, புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி பொருந்தும். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், அரசன் தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருப்பதைப் போற்றிவிட்டு, தம் அரசன் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போரையே காணாத ஆயுதங்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டவர் தாமே சொல்லிக்கொள்ள விட்டுவிட்டார். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடல், நிறம், சாதி, திக்குவாய், அயல்மொழி உச்சரிப்பு எதையும் தொடாதீர்கள். அதே குறையுள்ள, எதுவும் பேசாத பல பேர் அந்த அடியை வாங்குவார்கள். பேச்சே பாதிக்கப்பட்டவர்களைக் காயப்படுத்தும் வகையானால் இன்னும் கவனம் வேண்டும். 2012இல் அமெரிக்க செனட் வேட்பாளர் டாட் அகின், உண்மையான வன்புணர்வு என்றால் பெண்ணின் உடல் கருவுறுதலைத் தடுத்துக்கொள்ளும் என்றார். அங்கே நகைக்கு இடம் அவருடைய உடலியல் அறிவில் மட்டுமே. அந்தக் கொடுமையை அனுபவித்தவர் எவரும் உங்கள் வாக்கியத்துக்குள் வந்துவிடக் கூடாது. அப்படி எழுத வரவில்லை என்றால் நேரான கோபத்தோடு எழுதுங்கள்.

பேசியவர் திருத்திக்கொண்டால் உங்கள் பதிவையும் திருத்துங்கள். இணையம் பொருளாதாரத்தில் ஏற்படுத்தும் தாக்கம் தொலைநகல் கருவியினுடையதைவிடப் பெரிதாக இராது என்பது 2005 வாக்கில் தெளிவாகிவிடும் என்று 1998இல் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ரூக்மன் எழுதினார். பின்னாளில், தாம் அதில் தவறியதாக ஒப்புக்கொண்டார். கொண்டதை விட்டுவிட்டவரிடம் மடன் இல்லை. அந்தப் பழைய வரியை இனி எடுத்தாள்வதானால், ஆண்டையும் அவருடைய ஒப்புதலையும் அதே பத்தியில் சேர்த்தே வெளியிடுங்கள்.