"நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்" போதாது: காரில் குழந்தையோடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் நம் வீடுகளில் நடக்கும் ஆகப் பெரிய தவறு. "நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்" என்பார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த அடிக்குச் சமம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்த அம்மாவின் கையும் தாங்காது. அம்மாவின் பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம். அவர் உடல் பாரம் முழுக்கக் குழந்தையை நசுக்கிவிடும். ஏர்பேக் விரிந்தால், அது நேராகக் குழந்தையின் தலையில்தான் அடிக்கும்.

குழந்தைக்கான இடம் பின் சீட், அதுவும் சைல்டு சீட்டில், அதாவது கார் சீட்டின் மேல் பொருத்தும், தனி வார்கள் உள்ள குழந்தை இருக்கையில். அதை வாங்கியவர்களும் பலர் சீக்கிரமே முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தலை கனம், கழுத்தில் பலமில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுவதும் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும். அந்தச் சீட்டுக்குச் சொல்லியிருக்கும் உயரம், எடை வரும்வரை அப்படியே விடுங்கள். தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.

அப்புறம் பெரியவர்கள். பின் சீட்டுக்குப் பெல்ட் எதற்கு என்று இன்னும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே நடந்த விபத்தில், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் உடன் பின்னால் இருந்தவரும் பெல்ட் போடாமல் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். விலை உயர்ந்த கார்தான் அது.

பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் பீப் சத்தத்தை நிறுத்த, பெல்ட்டுக்குப் பதில் வெறும் கிளிப்பை மாட்டி வைப்பதும் வேண்டாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் போனால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 1000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் அபராதத்துக்காகச் செய்கிற காரியமா இது?

புது காருக்கு சீட் கவர் போடும்போது பின் சீட் பக்கிளை, அதாவது பெல்ட்டை மாட்டும் பூட்டை, உள்ளே அமுக்கி மூடிவிடுவார்கள். இன்றைக்கே கையை விட்டுத் தேடி வெளியே எடுத்து வையுங்கள். கால் டாக்சியில் ஏறினாலும், "அண்ணா, பின்னாடி பெல்ட்டை எடுத்துக் குடுங்க, அப்புறம் கிளம்பலாம்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.