மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஹார்மோன் எடுக்கலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் இரவில் நான்கைந்து தடவை உடம்பு கொதித்து, வியர்வை நனைத்து எழுப்பிவிடுகிறது. தூக்கம் இல்லை, மூட்டுகள் இறுகிக் கிடக்கின்றன, உடலுறவு வேதனையாகிவிட்டது. மெனோபாஸில் மற்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோனை நமக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். அந்தக் கேள்வியை 'கூடவே கூடாது' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் சரியில்லை, 'இப்போதெல்லாம் அந்தப் பயம் இல்லை' என்று யாரோ சொன்னதை நம்பி மாத்திரை வாங்குவதும் சரியில்லை. எந்தத் தொந்தரவுக்கு, எந்த வகைக் கட்டிக்குப் பிறகு, இப்போது எந்த மருந்தோடு சேர்த்து, எந்த வடிவில் என்று பிரித்துக் கேட்காமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

ஒரே பெயர், எதிரெதிர் மருந்துகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. புற்றுநோய் மருத்துவர் 'ஹார்மோன் சிகிச்சை' என்றால் டமாக்சிஃபென் 20 மி.கி., லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. போன்றவற்றைச் சொல்கிறார். டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒட்டும் இடத்தை (ஏற்பி) அடைத்துக்கொள்கிறது. மற்ற மூன்றும் அரோமடேஸ் தடுப்பு மருந்துகள். மெனோபாஸ் ஆனவர்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே நிறுத்துகின்றன. மகளிர் மருத்துவர் அதே சொல்லைச் சொன்னால் அது ஈஸ்ட்ரோஜனை உடலுக்குள் கொடுப்பது, அதாவது நேர் எதிர்.

'நான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் எதைப் புரிந்துகொள்வார் என்று சொல்ல முடியாது. 'ஹார்மோன் மாத்திரை ஆபத்து' என்று எங்கோ படித்துவிட்டு, காப்பாற்றிக்கொண்டிருக்கும் லெட்ரோசோலை நிறுத்துபவர்களும் உண்டு. மருந்துச் சீட்டையும் பயாப்ஸி அறிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பேச்சை மருந்தின் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேறொருவருக்கான ஆய்வை நமக்கென்று எடுத்துக்கொள்வது

2002-இல் வெளிவந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு ஹார்மோன் பற்றிய பெரும் பயத்தைக் கிளப்பியது. பின்னாளில் அதன் எண்கள் மறுபடி அலசப்பட்டு, பயம் ஓரளவு தணிந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மார்பகப் புற்றுநோய் வந்திராத பெண்கள். அந்த ஆறுதலை, நோய் வந்து போனவர்கள் கடன் வாங்க முடியாது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்தால் முன்கூட்டியே சினைப்பை அகற்றிக்கொண்டவர்களுக்குச் சொல்லும் ஆலோசனையும் இப்படித்தான். புற்றுநோய் வராதவர்களுக்கு அது பொருந்தும், வந்தவர்களுக்கு அல்ல.

நோய் வந்தவர்களிடமே நடந்த ஆய்வுகள் சில இருக்கின்றன. ஹேபிட்ஸ் என்ற ஆய்வு 2003 இறுதியில் பாதியில் நிறுத்தப்பட்டது. 2008-இல் வந்த அதன் நீண்ட காலக் கணக்கில், ஹார்மோன் எடுத்த 221 பேரில் 39 பேருக்கும், எடுக்காத 221 பேரில் 17 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் மறுபடி வந்தது அல்லது புதிதாக வந்தது. அதே காலத்தில் நடந்த ஸ்டாக்ஹோம் ஆய்வில் இப்படித் தெளிவான உயர்வு தெரியவில்லை. அங்கே ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துத் தரும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டோஜன் குறைவாகக் கொடுக்கப்பட்டது, டமாக்சிஃபெனும் சேர்த்து எடுத்தவர்கள் அதிகம். ஹார்மோன் போலச் செயல்படும் திபோலோன் 2.5 மி.கி. மாத்திரையை 3,000-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்த லிபரேட் ஆய்வில் மறுபடி நோய் வந்தது 15.2 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 10.7 சதவீதம். ஸ்டாக்ஹோமை மட்டும் காட்டி 'பயமில்லை' என்பவரும், ஹேபிட்ஸை மட்டும் காட்டி 'விஷம்' என்பவரும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தராசு ஆபத்துப் பக்கமே சாய்கிறது. அதனால்தான் முழு உடலுக்கும் போகும் ஹார்மோன் இவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதில்லை.

'எனக்கு நெகட்டிவ்', 'பத்து வருடம் ஆயிற்று'

ஹார்மோன் ஏற்பி நெகட்டிவ் (கட்டியில் ஹார்மோன் ஒட்டும் இடம் இல்லை) என்றால் ஈஸ்ட்ரோஜன் பழைய கட்டியைத் தூண்டாது என்ற தர்க்கத்தில் நியாயம் உண்டு. 4,050 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு அலசலில், ஏற்பி பாசிட்டிவ் உள்ளவர்களுக்கு ஆபத்து 1.8 மடங்கு. நெகட்டிவ் உள்ளவர்களுக்கு 1.19 மடங்கு, அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. ஆனால் நெகட்டிவ் உள்ள பெண்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் 'பாதுகாப்பு நிரூபணமானது' என்று இதைப் படிக்கக்கூடாது. மறுபக்க மார்பில் புதிதாக வரும் கட்டி பாசிட்டிவ் வகையாகவும் இருக்கலாம்.

பாசிட்டிவ் வகையில் காலக் கணக்கு ஏமாற்றும். ஐந்து வருட மாத்திரை முடிந்த பிறகும், இருபதாவது ஆண்டு வரைகூட நோய் திரும்புவது உண்டு. நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பத்து ஆண்டு கடந்துவிட்டது என்பது நல்ல செய்தி, அனுமதிச் சீட்டு அல்ல.

வடிவத்தை மாற்றினால் ஆபத்து போய்விடும் என்று நினைப்பது

தோலில் ஒட்டும் பேட்ச், மாத்திரையைவிட இரத்தக் கட்டு ஆபத்தைக் குறைக்கிறது. உண்மைதான். ஆனால் மார்பகச் செல்லுக்கு அந்த ஈஸ்ட்ரோஜன் வாய் வழி வந்ததா தோல் வழி வந்ததா என்று தெரியாது. 'பயோ ஐடென்டிகல்', 'இயற்கை ஹார்மோன்' என்று விற்கப்படுவனவும் அப்படியே. ஆளுக்கேற்பத் தனியாகக் கலந்து தரும் கிரீம்களில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதுகூட நிச்சயமில்லை. லெவோனார்ஜெஸ்ட்ரெல் கருப்பைச் சாதனம் 'உள்ளேயே இருக்கும்' என்று கருதி, மாதப்போக்கு அதிகமானவர்களுக்குப் பொருத்திவிடுவது இன்னொரு தவறு. அதிலிருந்து ஹார்மோன் இரத்தத்திலும் சேர்கிறது. ஆசை குறைவுக்காக டெஸ்டோஸ்டிரோன் பூசினால், அதன் ஒரு பகுதி உடலிலேயே ஈஸ்ட்ரோஜனாக மாறும்.

மூலிகைப் பெயரில் வரும் குப்பிகளிலும் கவனம் தேவை. சோயா உணவாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சோயாவில் உள்ள, ஈஸ்ட்ரோஜனை ஒத்த ஐசோஃபிளேவோனைச் செறிவாக்கிய மாத்திரை உணவல்ல. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டமாக்சிஃபெனை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடக்கூடும்.

பிறப்புறுப்பு வறட்சியையும் அதே பெட்டியில் போடுவது

இங்கேதான் பல பெண்கள் தேவையில்லாமல் வருடக்கணக்கில் வலியைச் சகித்துக்கொள்கிறார்கள். உள்ளூர வைக்கும் சிறு அளவு ஈஸ்ட்ரோஜனும் வாய் வழி மாத்திரையும் ஒன்றல்ல. 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடையால் மாத்திரையை இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரு முறை வைத்தால், முதல் ஆண்டு முழுக்கச் சேர்வது சுமார் 1.14 மி.கி. ஒரு நாளைக்கு 1 மி.கி. விழுங்குபவருக்கு அது ஏறத்தாழ ஒரு நாள் அளவு.

இருந்தாலும் முதலில் ஹார்மோன் இல்லாத வழியை ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். 'ஜெல் போட்டேன், பலனில்லை' என்பவர்களில் பலர் உடலுறவு நேரத்தில் மட்டும் வழுக்கும் ஜெல்லைப் பயன்படுத்தியவர்கள். ஈரப்பதமூட்டி வேறு, வழுக்கும் ஜெல் வேறு. ஈரப்பதமூட்டியை உடலுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து இரவுகள், உள்ளே மட்டுமல்லாமல் வாசல் பகுதியிலும் தடவி, இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். அமிலத்தன்மை பிஹெச் 4.5-ஐ ஒட்டியிருப்பது நல்லது. கிளிசரின் மிகுந்தவை சிலருக்கு எரிச்சலூட்டும். எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி இரண்டும் லேட்டெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். வலி நுழைவாயிலில்தான் என்றால், 4 சதவீத லிடோகெய்ன் நீர்க் கரைசலில் நனைத்த பஞ்சை அங்கே மூன்று நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குவது எளிய, சோதிக்கப்பட்ட வழி.

இதற்கும் அடங்காவிட்டால்தான் உள்ளூர ஈஸ்ட்ரோஜன். அப்போது நீங்கள் எந்த மாத்திரையில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். டமாக்சிஃபென் ஏற்பியை அடைத்து வைத்திருப்பதால், சிறிதளவு உள்ளே கசிந்தாலும் காவல் இருக்கிறது. லெட்ரோசோல் வகைக்கு அந்தக் காவல் இல்லை. அது இரத்த ஈஸ்ட்ரோஜனைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்தே வேலை செய்கிறது, சிறு கசிவும் அங்கே பெரிது. 2022-இல் 8,461 டென்மார்க் பெண்களைப் பற்றி வந்த ஆய்வில், உள்ளூர ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் மொத்தத்தில் நோய் கூடவில்லை. அரோமடேஸ் தடுப்பு மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களிடம் மட்டும் நோய் திரும்புவது 1.39 மடங்காக இருந்தது. இறப்பு கூடவில்லை. ஆகவே லெட்ரோசோலில் இருப்பவர், டமாக்சிஃபெனுக்கு மாற முடியுமா என்று முதலில் கேட்பது புத்திசாலித்தனம். மாத்திரையைவிட கிரீமில் அளவு தவறுவது எளிது. குழாயை முழுக்க நிரப்பி வைப்பவர்கள் பல மடங்கு அளவை எடுத்துவிடுகிறார்கள்.

ஹார்மோன் இல்லாத மருந்துகளை அரைகுறையாய்ச் சோதித்துவிட்டு 'எதுவும் பலிக்கவில்லை' என்பது

திடீரென உடம்பு கொதிக்கும் உடற்சூட்டுக்கும் கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சினை 37.5 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரத்தில் 75-க்கு உயர்த்த வேண்டும். 2000-இல் வெளியான சோதனையில், உடற்சூடு 37.5 மி.கி.யில் 37 சதவீதமும், 75-இல் 61 சதவீதமும் குறைந்தது. 150-இல் அதே 61 தான், பக்கவிளைவுதான் கூடியது. வெற்று மாத்திரையிலேயே 27 சதவீதம் குறைந்தது. குமட்டல் முதல் வாரத்தோடு பெரும்பாலும் போய்விடும். இந்த மருந்தைச் சட்டென நிறுத்தக்கூடாது, இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நரம்பு வலி மருந்தான காபாபென்டின் நாளுக்கு 900 மி.கி.யில் வேலை செய்கிறது. 300-ல் நின்றுவிட்டு ஏமாறுகிறார்கள். தூக்கம் தருவதால், இரவுத் தொந்தரவு அதிகமுள்ளவர்களுக்கு இது பொருந்தும். சிறுநீர்ப்பை மருந்தான ஆக்சிபியூட்டினின் 2.5 மி.கி. இரு வேளை எடுத்தால் உடற்சூட்டை நன்றாகவே குறைக்கிறது. வாய் வறளும், வயதானவர்களுக்கு நினைவாற்றல் கருதி நீண்ட காலம் கொடுப்பதில்லை. உடற்சூட்டுக்கென்றே வந்த புதிய மருந்துகளும் உண்டு. அவற்றில் எலின்சனெட்டன்ட் 120 மி.கி. புற்றுநோய் மாத்திரை சாப்பிடும் பெண்களிடமே சோதிக்கப்பட்டு, 2025-இல் முடிவு வந்தது. ஃபெசோலினெட்டன்ட் 45 மி.கி. எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனையைத் தொடங்கும் முன்பும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும், பிறகு 6, 9-ஆம் மாதங்களிலும் செய்ய வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. டமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவத்துக்கு மாறியே வேலை செய்கிறது. மனச்சோர்வு மருந்துகளான பராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின், புப்ரோபியான் ஆகியவை அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. டமாக்சிஃபெனில் இருப்பவர்களுக்கு இவை வேண்டாம். லெட்ரோசோல் வகையினருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தைராய்டு, இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றைப் பார்க்காமல் எல்லாப் பழியையும் ஈஸ்ட்ரோஜன் குறைவின்மீது போடுவதும் அடிக்கடி நடக்கிறது. லெட்ரோசோலின் மூட்டுவலிக்கு உடற்பயிற்சியும், வேறு அரோமடேஸ் தடுப்பு மருந்துக்கு மாறுவதும் உதவும். அதற்காக ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் ஒரு கையால் துடைத்ததை மறு கையால் கொட்டுவதாகும்.

எண்ணாமல், எழுதாமல் முடிவெடுப்பது

'1.8 மடங்கு' என்பது தனியாக எதையும் சொல்லாது. உங்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 5 சதவீதம் என்றால், அது ஏறத்தாழ 9 ஆகும். 25 சதவீதம் என்றால் சுமார் 40 ஆகும் (இந்த 'மடங்கு' நோய் வரும் வேகத்தின் கணக்கு, அதனால் நேரே பெருக்கக்கூடாது). முதலாவதை ஏற்கத் துணிபவர்கூட இரண்டாவதில் தயங்குவார். ஆகவே 'எனக்கு ஆபத்து எவ்வளவு' என்பதை எண்ணாகவே கேளுங்கள்.

மறுதட்டில் வைக்க, இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்: நாளுக்கு எத்தனை சூடு, எவ்வளவு கடுமை, இரவில் எத்தனை விழிப்பு. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எந்த மருந்து பலித்தது என்பதும் தெரியாது.

தாங்க முடியாமல் டமாக்சிஃபெனையோ லெட்ரோசோலையோ யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவதுதான் இந்தப் பட்டியலிலேயே விலை அதிகமான தவறு. அந்த மருந்தை வேறு வகைக்கு மாற்றலாம், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் நிறுத்தி உண்மையில் அதனால்தானா என்று பார்க்கலாம். மாதவிடாய் நின்றிருப்பதை வைத்துக் கருத்தடை தேவையில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். கீமோவுக்குப் பிறகு நின்ற சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும். டமாக்சிஃபென் கருத்தடை மருந்தல்ல. காப்பர் சாதனம் பொருந்தும்.

எல்லாவற்றையும் முயன்று, எண்களைப் பார்த்து, புற்றுநோய் மருத்துவரும் மகளிர் மருத்துவரும் ஒரே மேசையில் பேசி, பிறகும் ஹார்மோன் எடுப்பது என்று முடிவானால், தொடங்கும் முன்பே சிலவற்றை எழுதி வையுங்கள். மிகக் குறைந்த அளவு எது, மூன்றாம் மாதம் எதைப் பார்த்துத் தொடர்வது, எதைக் கண்டால் நிறுத்துவது என்பவை அவை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜனும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்பை உட்சுவர் தடிக்கும். ஆண்டுதோறும் மேமோகிராம் தொடர வேண்டும். ஒரு சொட்டு இரத்தப்போக்கு தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே தெரிவிக்க வேண்டும்.