கருங்கல்தானே என்று கை வைக்காதீர்கள்: வன்னியில் கல்லோடு நாம் செய்யும் தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. கும்பாபிஷேகம் வருகிறது, தூண் பழசாய்க் கிடக்கிறதே என்று ஒரு வருஷம் அவற்றுக்கு வெள்ளி நிற எனாமல் பெயின்ற் அடித்தோம். ஒரு தூணுக்கு நான்தான் தூரிகை பிடித்தேன். அடித்த அன்று மண்டபம் பளபளவென்று இருந்தது. ஐந்தாறு மாரி கழிந்த பிறகு தூணின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழத் தொடங்கியது. ஒரு பொருக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு. மறுபக்கம் அரிசிக் குறுணல் அளவில் கல் மணிகள், அவற்றுக்கு நடுவே காக்காப்பொன் மினுங்கியது. பெயின்ற் மட்டும் கழன்று வரவில்லை. கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்திருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கருங்கல்லுக்கு என்ன ஆகும் என்கிற நினைப்புத்தான் முதல் தவறு. மற்றத் தவறுகள் எல்லாம் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

தூணின் அடி மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணின் ஈரம் கல்லின் நுண்ணிய வெடிப்புகள் வழியே மெல்ல ஏறி, வெயிலில் வெளியேறிவிடும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு தோலுக்கு அடியிலேயே படிந்து, காய்ந்து, பளிங்காகப் பருக்கிறது. பருத்த உப்பு மணியிலிருந்து மணியை நெம்பிப் பிரிக்கிறது. சீமெந்துப் பூச்சும் இதையேதான் செய்கிறது, இன்னும் மோசமாக. பழைய கல் இணைப்புகளில் இருந்த சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெதுமையானது, ஈரத்தை வெளியே விடும். கெட்டுப்போனாலும் சாந்துதான் முதலில் உதிரும், கல் பிழைக்கும். சீமெந்து வைத்தால் அது அப்படியே நிற்கும், பக்கத்துக் கல்லின் விளிம்பு உடையும். பழைய கல் வேலையைத் திருத்துவது என்றால் சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசனைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கத் தாமதமானால் வேலையைத் தள்ளிப் போடலாம். கல் காத்திருக்கும்.

ஏற்கெனவே பெயின்ற் அடித்துவிட்டோமே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அதைப் பாவித்து, சிற்பங்களின் கண்ணும் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிய பிறகுதான் அதற்குத் தடை வந்தது. கம்பித் தூரிகையும் வேண்டாம். அதன் இரும்புத் துணுக்குகள் கல்லின் துளைகளில் தங்கித் துருப்பிடித்து, சிவப்புப் புள்ளி போட்டுவிடும். தண்ணீர், நார்த் தூரிகை, பொறுமை, இவ்வளவும் போதும். இதற்கு மசியாத பெயின்றைக் கழற்றும் வேலை கல் பராமரிப்புப் படித்தவருக்கு உரியது.

அசிட் ஊற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வன்னியில் எல்லாக் கல்லும் ஒன்றல்ல. வவுனியாப் பக்கம் நிலத்துக்கு மேலே முதுகு காட்டுவது வரி வரியாக ஓடும் பழம்பாறை. நாம் பொதுவாகக் கருங்கல் என்கிறோம். நிலவியலாளர் இந்தப் பாறைக் கூட்டத்துக்கே வன்னித் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு கோடி ஆண்டுக்குக் கிட்ட வயதான கற்களும் இதில் உண்டு. ஆனால் பூநகரிக்கோ மன்னார்க் கரையோரத்துக்கோ போனால் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல், கடலில் பிறந்த கல். புளிப்புப் பட்டால் அது கரையும். எந்தக் கல் என்று சந்தேகம் வந்தால், உதிர்ந்து கிடக்கும் ஒரு சல்லியைச் சுரண்டி, அந்தத் தூளில் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். அதில் செய்த எந்தச் சிற்பத்திலும் அசிட்டைக் காட்டவே கூடாது. கருங்கல் நுரைக்காது. அதற்காக அசிட் ஊற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் உள்ள இரும்பை அசிட் கிளறிவிடும், கல் முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். பிறகு அது போகவே போகாது.

புதிதாகச் சிலையோ தூணோ செய்விக்கிறவர்கள் செய்யும் தவறு இன்னொன்று. மெற்றல் உடைக்கும் இடத்தில் பெரிய கல் ஒன்று சும்மா கிடக்கிறது, மலிவாகத் தருகிறார்கள் என்று ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கல் வெடி வைத்துப் பெயர்த்தது. வெளியில் முழுசாகத் தெரியும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடும். சிற்பி மூன்று மாதம் உளி பிடித்து, கடைசியில் விரலை நுணுக்கமாகச் செதுக்கும்போது கை முழுதாகக் கழன்று விழும். சிற்ப வேலைக்கான கல்லை வெடி இல்லாமல், வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கித்தான் பிளக்க வேண்டும்.

இந்த இடத்தில் பழைய ஆசாரிமாரின் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று அவர்கள் பிரிப்பார்கள். தட்டினால் மணி போல நாதம் வருவது ஆண் கல், தெய்வத் திருமேனிக்கு உகந்தது. தாளம் போல மெல்லிய ஓசை தருவது பெண் கல். ஓசையே இல்லாதது நபும்சகம், அதைத் தரைக்கும் அடித்தளத்துக்கும் போடு என்பார்கள். பெயர்களை விட்டுவிட்டு, செய்வதைக் கவனியுங்கள். வெடிப்பில்லாத கல்லில் அதிர்வு தடையில்லாமல் ஓடும், அதனால் நாதம் எழும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அங்கேயே செத்துவிடும். கல்லுக்குள் தேரை இருக்கிறதா என்று கேட்பதும் உள்ளிருக்கும் குறையைத் தேடுகிற வழிதான். வீட்டில் அம்மி பொளிய வருகிறவர் வேலை தொடங்கும் முன் உளியால் நாலு இடத்தில் தட்டிக் காதைச் சாய்ப்பாரே, அதே காரியம். கல் வாங்கப் போகும்போது இப்படித் தட்டிக் கேட்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கல் தரையில் அழுந்திக் கிடந்தால் ஓசை சரியாக வராது, இரண்டு கட்டையின் மேல் தூக்கி வைத்துத் தட்ட வேண்டும்.

வரியோட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் பாறையில் வெள்ளையும் கறுப்புமாக ஓடும் வரிகள் வெறும் அழகுக்கு இல்லை, கல் எந்தத் திசையில் பிளக்கும் என்று அவைதான் சொல்கின்றன. தூண்களின் மேல் கிடத்தும் உத்தரக் கல்லில் வரி நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் பாரம் ஏறியதும் பாணைக் கையால் பிய்ப்பது போல முறியும். இன்னொன்று, மண்டபத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் அகலமாக, முழுக்கக் கல்லில் வேண்டும் என்று திருப்பணிச் சபைகள் கேட்கின்றன. கல் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நசுக்கலைத் தாங்கும் வலுவில் பத்தில் ஒரு பங்கு இழுவைக்குத் தேறினால் அதிகம். வளைய முயலும் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது, அங்கேதான் விரிசல் விடும். பழைய மண்டபங்களில் தூண்கள் நெருக்கி நெருக்கி நிற்பது இதனால்தான். கல்லில் கட்ட ஆசையா, சரி, தூண்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, நாம் செதுக்காத கல்லுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது அங்கேதான்.

வன்னியில் மாமல்லபுரம் போல ஒன்றும் இல்லையே என்று சொல்லிப் பாறைகளைக் கடந்து போய்விடுகிறோம். மலையைக் குடைந்து செய்வது குடைவரை. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் செய்தது அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் செய்வித்தேன் என்று அங்கே வெட்டியும் வைத்தான். பாறையை வெளியிலிருந்து செதுக்கிக் கோயிலாக்குவது ஒற்றைக்கல் தளி. கழுகுமலை வெட்டுவான் கோயில் அப்படி, மேலிருந்து கீழாகச் செதுக்கி, அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. வெட்டிய கற்களை அடுக்குவது மூன்றாவது வகை. இந்த மூன்றோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் பிழை. இயற்கைக் குகையின் நெற்றியில் ஒரு காடி, பாறை முதுகில் நாலு படி, கூரைக் கால் நடுவதற்குத் தோண்டிய குழிகள், குளத்தின் பழைய துருசில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகில், ஒன்றோடொன்று பொருந்த வெட்டிய கற்கள், இவையும் கல் வேலைதான். நம்மிடம் நிறைய இருப்பது இந்த வகை. சிலை இல்லை என்பதற்காக அந்தத் துருசுக் கல்லைப் பெயர்த்து வீட்டு அத்திவாரத்துக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் காடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குகை வாயிலுக்கு மேலே, பாறையின் வளைவோடு ஒரு விரல்கடை ஆழத்தில் ஓடும். மேலிருந்து வழியும் மழைநீர் பாறையை ஒட்டியே உள்ளே இறங்கப் பார்க்கும். காடியின் விளிம்பில் வந்ததும் ஒட்ட இடமில்லாமல் சொட்டாக வெளியே விழுந்துவிடும். அவ்வளவுதான், ஒரு கோடு. இரண்டாயிரம் ஆண்டாகக் குகை உலர்ந்து கிடக்கிறது. அதைச் சீமெந்தால் மூடி மேலே தகரம் இறக்கினால் தண்ணீர் மறுபடி உள்ளே வரும். காடிக்குக் கீழே நனையாத இடத்தில்தான் எழுத்தும் வெட்டியிருப்பார்கள், அதுவும் அழியும்.

பாறை ஓரத்தில் பொங்கல் அடுப்பு மூட்டுவது அடுத்தது. இதைச் சொன்னால் கோபிக்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தென்னிந்தியாவில் பாறை மேல் விறகை அடுக்கி எரித்தே கல்லைத் தகடாகப் பெயர்த்தெடுத்தார்கள். சூட்டில் மேல் தோல் விரிகிறது, உள்ளே குளிராக இருக்கும் கல் விரிவதில்லை, இரண்டும் பிரிகின்றன. நம் அடுப்பு சிறியதுதான். ஆனால் ஒரே இடத்தில் வருஷா வருஷம் எரிகிறது. எழுத்தோ உருவமோ உள்ள பாறையிலிருந்து அடுப்பையும் கற்பூரத்தையும் பத்தடி தள்ளி வைத்தால் பொங்கல் குறைந்துவிடாது. சுனையைச் சீமெந்தால் கட்டுவதும் வேண்டாம். கோடையில் குரங்கும் மயிலும் அங்கேதான் வாய் நனைக்கின்றன.

சைவ இடமா பௌத்த இடமா என்று இழுபறி நடக்கும் குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்ற பெயர்களைக் கேட்டாலே நெஞ்சு பொருமுகிற காலம் இது. அந்தப் பொருமல் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரு பாறையைக் கண்டதும் இது எங்களுடையது மட்டும் என்றோ, இது எங்களுடையதே அல்ல என்றோ முடிவுகட்டுவது தவறு. வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில் குகைகளில் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு, கிறிஸ்துவுக்கு முந்தியவை. மொழி பிராகிருதம். அவற்றில் ஒன்றில் குகை செய்வித்தவன் தன்னைத் தமிழ் வணிகன், கிருகபதி (குடும்பத் தலைவன்), விசாகன் என்று சொல்லிக்கொள்கிறான். பௌத்தத் துறவிகளுக்குக் குகை கொடுத்த தமிழன். இன்றைய கோடுகள் எதற்குள்ளும் அவன் அடங்க மாட்டான். அவனை நாம் அறிவது அந்த எழுத்தை யாரும் சுரண்டாமல் விட்டதால்.

ஆகவே எழுத்தைக் கண்டால் சோக்கட்டியால் அதன் மேல் வரையாதீர்கள். நீங்கள் வரைவது நீங்கள் ஊகித்த எழுத்தை, பிறகு வருகிறவர் உங்கள் ஊகத்தைத்தான் வாசிப்பார். கரி, மாவு, எண்ணெய் ஒன்றும் வேண்டாம். பாறையில் படர்ந்திருக்கும் வெள்ளை, பச்சைத் திட்டுகளையும் சுரண்ட வேண்டாம். பின்னேரம் வெயில் சாயும்போது போங்கள். இல்லையென்றால் இருட்டிய பிறகு ஒரு டோர்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் கோடு கோடாக நிழல் எழும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டட வேலைகளும் கல்வெட்டும் தொல்பொருள்தான். நல்ல எண்ணத்தோடு சுத்தம் செய்தாலும் குற்றமாகலாம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தால் இடம் கைவிட்டுப் போகுமே என்று எங்கள் சனம் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எதையும் தொடுவதற்கு முன்பே பதிவு வேண்டும். எங்கே இருந்தது, எப்படி இருந்தது, எந்தத் திகதியில் பார்த்தோம், யார் யார் கூட இருந்தார்கள் என்று எழுதிவைத்து, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் இன்னொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர்களுக்கும் கொடுங்கள். கல்லை வீட்டுக்கோ கோயிலுக்கோ தூக்கி வராதீர்கள். இடம் மாறிய கல் பாதிச் சாட்சிதான்.

படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து ஒன்று, கிட்டவிருந்து ஒன்று, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து இன்னொன்று. அடிமட்டம் இல்லாவிட்டால் ஒரு பேனை போதும், ஆனால் பேனையைத் தனியாக அளந்து வையுங்கள்.