மலையில் இடம் வாங்குகிறீர்களா? டோக்கன் (இடத்தைப் பிடித்து வைக்கும் முன்பணம்) கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கோத்தகிரிப் பக்கம் இடம் பார்க்கப் போனால், காரை விட்டு இறங்குவதற்குள் தரகர் சொல்லிவிடுவார்: "சார், பெங்களூர் பார்ட்டி நாளைக்கு வர்றாங்க. இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க." அந்தப் பார்ட்டி உண்மையாகவே இருக்கலாம். நல்ல இடத்துக்கு இங்கே போட்டி உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்து பணத்தை இழந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இழந்தார்கள். போட்டிக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் ஆவணங்களை ஒரே இரவில் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: சர்வே எண்ணைக் கேளுங்கள்

இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள். தர மறுக்கும் தரகரோடு மேலே பேச வேண்டாம். எண் கிடைத்தால் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளர் விவரமும் உள்ள பதிவேடு), புல வரைபடம் (எல்லைகளைக் காட்டும் படம்) மூன்றையும் வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்து வில்லங்கத்தையும் (இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவை) வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) பாருங்கள்.

பட்டாவில் இருக்கும் பெயரும் கிரயப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா? கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பூர்வீகச் சொத்தாக இருந்தால், கல்யாணமாகி வெளியூர் போன சகோதரிகளை மறந்துவிடாதீர்கள். பவர் (உரிமையாளர் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறார் என்றால் உரிமையாளரை நேரில் பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. பவரும் அக்ரிமென்டும் மட்டும் சொத்துரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்றில் எல்லாமே தெரிந்துவிடாது. பதியாத ஒப்பந்தமும் நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் அதில் வராமல் போகலாம். அதனால் மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது.

படி 2: மலைக்கென்று உள்ள சட்டங்கள்

சமவெளியில் நாலு மனை வாங்கி அனுபவப்பட்டவர்கள்கூட இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் விலை குறைவாகச் சொன்னால், அது ஜென்மம் நிலமா (ஒரு காலத்தில் ஜென்மிகள் என்ற பெருநில உரிமையாளர்களிடம் இருந்த நிலம்), 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் (தோட்டக் குத்தகை நிலங்கள் பற்றியது) வருகிறதா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் அனுபவம், அதாவது இடத்தைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது, கைமாறலாம். அதற்காக உரிமை கைமாறிவிடாது. மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடம் பற்றிய 2010 அறிவிப்பு இருக்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், 1949 சட்டப்படி மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இதையெல்லாம் அந்த ஊர் நீதிமன்றத்தில் பழகிய வழக்கறிஞர் ஒருவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

படி 3: மழையில் நடந்து பாருங்கள்

நான் ஒரு 8 சென்ட்டுக்கு ஆசைப்பட்டேன். பத்திரம் சுத்தம், காட்சி அழகு, டோக்கன் பணம்கூடப் பையில் இருந்தது. மேலே தேயிலை பறித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் பாதையைப் பற்றிச் சும்மா விசாரித்தேன். "நடந்து போறதுக்குத்தான் விட்டிருக்கோம் தம்பி, வண்டிக்கு இல்ல" என்றார். புல வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் பாதையே இல்லை! வண்டிப் பாதைக்கு எழுத்தில் உரிமை இல்லாத இடத்தில் செங்கல்கூட இறக்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசாமல் மலையில் இடம் வாங்கவே வேண்டாம்.

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் மண் சரிந்து உயிர்கள் போயின. வெயில் நாளில் பச்சையாகச் சிரிக்கும் சரிவில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும்.

படி 4: விலையும் பணமும்

பக்கத்து இடங்கள் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பிறகு உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் பேசப் போங்கள். அதற்கு மேல் யாராவது கேட்டால் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். சொத்து விற்பனைக்கு ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. டோக்கனோடு நிற்காமல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அது வில்லங்கத்தில் ஏறிவிடும், அப்புறம் எந்தப் பார்ட்டி வந்தாலும் உங்கள் பெயர்தான் முதலில் கண்ணில் படும். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

கிரயத்தன்று காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை பாருங்கள். பதிவு முடிந்த வாரத்திலேயே பட்டா மாறுதலுக்கு மனு போட்டு, சர்வேயரை வைத்து நாலு மூலையிலும் கல் நட்டுவிடுங்கள்.