ஹிப்னாட்டிசம் பழகுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹிப்னாட்டிசம் படிக்கப்போகிறேன் என்று கிளம்புகிற பையன்கள் பலர் முதலில் செய்வது, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து இமைக்காமல் முறைப்பது. கண்ணில் சக்தி ஏற வேண்டுமாம். கண் எரிவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813இல் பாரிஸில் மக்கள் முன் செய்து காட்டியபோதே, செய்கிறவரிடம் தனிச் சக்தி எதுவும் இல்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனம்தான் எல்லா வேலையையும் செய்கிறது என்று சொல்லிவிட்டார். ஹிப்னாட்டிசம் என்ற பெயரைப் பரப்பிய ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிற்பாடு, இது தூக்கமே இல்லை, கவனம் ஒரே எண்ணத்தில் குவிவது என்று கண்டு, தூக்கத்தைக் குறிக்கும் அந்தப் பெயரையே மாற்றப் பார்த்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, மாறவில்லை.

இது வெறும் பழங்கதை இல்லை. ஆரம்பக்காரர் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகின்றன. என் குரல் சரியா, என் பார்வை சரியா என்று தன்னையே கவனித்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவரின் மூச்சு மாறியதும் தெரியாது, இமை துடித்ததும் தெரியாது.

இலங்கை மலைநாட்டில், நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. திருவிழாவில் தப்புச் சத்தம் ஏறும்போது சாமி ஆடுகிறவர்களையும், காமன் கூத்தில் வேஷம் கட்டியவருக்கு அருள் வருவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். “கண்ண மூடிக்கங்க” என்று சொன்ன உடனே பலருக்கு ஞாபகம் வருவது அதுதான். “எனக்குள்ள ஏதாச்சும் வந்துருமா தம்பி?” என்று ஓர் அம்மா கேட்டால் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் பேச்சுக்கே போகட்டும். நான் சொல்வது எல்லாம் உங்களுக்குக் கேட்கும், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம், வாயிலிருந்து ரகசியம் தானாகக் கொட்டாது, எழும்ப முடியாமல் யாரும் மாட்டிக்கொள்வதில்லை: இவ்வளவையும் சொல்ல வேண்டும். பயந்தவர் கண்ணை மூடுவார், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

அடுத்தது மனப்பாடம். இதில்தான் மலைநாட்டில் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இணையத்தில் கிடைக்கும் வாசகங்கள் எல்லாம் வேறு எங்கோ, யாருக்காகவோ எழுதப்பட்டவை. “நீங்கள் ஒரு கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள்” என்று ஆரம்பிக்கும். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கடலை நேரில் பார்த்தேயிராத பாட்டியிடம் அதைச் சொல்லி என்ன பிரயோசனம்? அப்புறம், தளர்வை ஆழப்படுத்துவதற்கு எல்லோரும் சொல்கிற அந்தப் படிக்கட்டு: “பத்துப் படி இறங்குகிறீர்கள், ஒவ்வொரு படிக்கும் உடம்பு தளர்கிறது.” கொழுந்து எடுக்கிற ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நாலாவது படியில் புருவம் சுருங்கியது. ஆறாவதில் இரண்டு கையும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டன. பழகுநரோ தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டே போனார். மழையில் வழுக்குகிற மலைப்படியில், முதுகில் நிறைந்த கூடையோடு இறங்குகிறவருக்குப் படி என்றால் ஓய்வா? முழங்கால் வலி, அட்டைக்கடி, விழுந்துவிடுவோமோ என்ற பயம். அன்றைக்கு அந்த அக்காவுக்கு உடம்பு தளர்ந்தது, கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கிற நேரத்தை நினைக்கச் சொன்ன பிறகுதான். தோள் தானாக இறங்கியது.

அந்த வார்த்தை தாளில் இல்லை. தொடங்குமுன் “வேல முடிஞ்சா ஒங்களுக்கு எது சொகமா இருக்கும்?” என்று கேட்டதற்கு அவரே சொன்ன பதில் அது. வாசகங்களைப் படிப்பது தப்பில்லை, அமைப்பு பிடிபட உதவும். ஆனால் கையில் தாள் இருக்கும்வரை கண் தாளில்தான் இருக்கும். மொழியும் அப்படித்தான். “தசைகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள்” என்றால் பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும். “ஒடம்ப லேசா விடுங்க” போதும்.

எல்லோரையும் ஒரே ஆழத்துக்கு இழுக்கப் பார்ப்பது மற்றொரு வீண்வேலை. ஒருவர் எவ்வளவு எளிதில் ஆட்படுவார் என்று அளக்க, வைட்சன்ஹோஃபர், ஹில்கார்ட் என்ற உளவியலாளர்கள் 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய அளவுகோலில் 12 சோதனைகள். அப்படி அளந்து பார்த்ததில், சிலர் மிக எளிதில் ஆட்படுகிறார்கள், சிலருக்கு அநேகமாக ஒன்றுமே நடப்பதில்லை, பெரும்பாலோர் நடுவில். ஒருவருடைய இந்தத் தன்மை வருஷக்கணக்கில் பெரிதாக மாறுவதும் இல்லை. ஆகவே கை மேலே எழும்புகிறது என்று சொல்லியும் கை உயராதவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். நண்பன் ஒருவனுக்கு நன்றாக வந்துவிட்டது என்று அவனிடமே திரும்பத் திரும்பப் பழகுவதும் கூடாது. அப்படிப் பழகினால் அவனை மட்டும்தான் தெரியும்.

காணாமல் போன சங்கிலியை யார் எடுத்தது என்று கேட்டு வருவார்கள். முன்பு மை போட்டுப் பார்க்கப் போனவர்கள் இப்போது உங்களிடம் வருகிறார்கள், அவ்வளவுதான். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஹிப்னாட்டிசத்தில் வரும் ஞாபகம் உண்மையாக இருக்க வேண்டும் என்றில்லை. கற்பனையும் கலந்து வரும், சொல்கிறவருக்கோ அது உண்மை என்ற நிச்சயம் கூடிவிடும். இதனால்தான் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982இல் இப்படி எடுத்த சாட்சியத்துக்குப் பெரிய தடை போட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு பெயர் வெளியே வந்தால் அந்தக் குடும்பம் அப்புறம் தலை நிமிர முடியாது. முற்பிறவி பார்ப்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிக்கிற இடத்தில் அவசரம் வேண்டாம். கை பாரமாகிறது என்று சொல்லியிருந்தால், கை பழையபடி லேசாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கண்ணைத் திறக்கவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சும்மா நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். தெளிவாகப் பதில் வந்த பிறகே ஓட்டோ ஓட்டவோ மலைக்கு ஏறவோ விடலாம்.

வைத்தியம் வேறு விஷயம். குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னாட்டிசம் உதவுவதை மன்செஸ்டரில் பீற்றர் வோர்வெல் குழுவினர் 1984இலேயே காட்டினார்கள். அவர்கள் மருத்துவர்கள், நோயை முதலில் பரிசோதித்தவர்கள். இரண்டு நாள் வகுப்பில் ‘மாஸ்டர்’ சான்றிதழ் வாங்கியவர் தலைவலியை மறக்கடித்தால், தலைவலிக்குக் காரணம் உள்ளே அப்படியே கிடக்கும். யாரும் இல்லாத குரல் காதில் கேட்கிறது என்கிறவரை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்கிறவரைத் தொடவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவசரத்துக்கு, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பெண்களிடம் செய்து பழகும்போது கதவு திறந்திருக்கட்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான்.

முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும், நீங்கள் சொன்னதை விட்டுவிட்டு, அவரிடம் பார்த்ததை எழுதுங்கள்: மூச்சு எப்போது மாறியது, எந்தச் சொல்லில் முகம் இறுகியது, முடிந்த பிறகு அவர் என்ன சொன்னார். முதல் மாதம் ஒரு வரிக்கு மேல் எழுத வராது. ஒரு பக்கம் நிறைகிற காலத்தில் தாள் தேவைப்படாது. அதற்குப் பிறகு அனுபவமுள்ள ஒரு மனநல வைத்தியரிடமோ உளவியலாளரிடமோ அந்தக் கொப்பியைக் காட்டி, மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேளுங்கள்.